1.1.1.1 போட்டால் நெட் வேகமாகுமா? நான்கு டிஎன்எஸ் சேவைகள், ஒரு நேரடி விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஎன்எஸ் (இணையதளத்தின் பெயரைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்றுவதால் உங்கள் 100 எம்பிபிஎஸ் பிளான் 150 ஆகிவிடாது. ‘இந்த எண்ணைப் போடுங்கள், நெட் பறக்கும்’ என்று வரும் வீடியோக்களைப் பார்த்து மாற்றிவிட்டு உடனே ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் பழைய அதே எண்தான் வரும், ஏனென்றால் ஸ்பீட் டெஸ்ட் அளப்பது ஃபைல் இறங்கும் வேகத்தை. இறங்க ஆரம்பித்த பிறகு டிஎன்எஸ்ஸுக்கு அங்கே வேலை கிடையாது. இதை வைத்துக்கொண்டு ‘டிஎன்எஸ் மாற்றுவதெல்லாம் வீண் வேலை’ என்று முடிவு கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பலன் இருக்கிறது. ஒரு லிங்க்கைத் தொட்டதற்கும் பக்கம் வர ஆரம்பிப்பதற்கும் நடுவே வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோமே, அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? நீங்கள் ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள், பிரவுசருக்கு அந்தப் பெயரால் நேரடிப் பயன் இல்லை, அதற்கு ஐபி முகவரி, அதாவது அந்தத் தளம் இருக்கும் கணினியின் எண், வேண்டும். அதைக் கேட்கப் போகிற இடம்தான் டிஎன்எஸ் சர்வர். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த முறை, இன்றும் அடிப்படை மாறாமல் ஓடுகிறது. நீங்கள் கேட்ட பெயரைச் சற்று முன்பு வேறு யாரோ கேட்டிருந்தால் பதில் சர்வரின் கேச்சில், அதாவது தற்காலிக நினைவில், தயாராக இருக்கும், உடனே வந்துவிடும். இல்லையென்றால் உங்களுக்காக அது அலைய வேண்டும்: எல்லாப் பெயர்களுக்கும் தொடக்கமான ரூட் சர்வரைக் கேட்டு, அது கைகாட்டும் டாட் காம் அல்லது டாட் இன் சர்வரைக் கேட்டு, அது கைகாட்டும் அந்தத் தளத்தின் சொந்தப் பெயர் சர்வரைக் கேட்டு, பிறகு உங்களிடம் வர வேண்டும். கடைசி சர்வர் அமெரிக்காவில் இருந்தால் இந்தியாவிலிருந்து ஒரு முறை போய் வரவே 200 மில்லி வினாடிக்கு மேல் ஆவது சாதாரணம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கூகுள், வாட்ஸ்அப், பெரிய ஷாப்பிங் தளங்கள் இவற்றையெல்லாம் ஊரே கேட்டுக்கொண்டிருப்பதால் எந்த டிஎன்எஸ் சர்வரிலும் பதில் சூடாக இருக்கும், அதனால் அவற்றைத் திறந்து பார்த்து ‘ஒரு வித்தியாசமும் இல்லையே’ என்று சொல்வது சோதனையே ஆகாது. வித்தியாசம் தெரிவது அதிகம் பேர் போகாத தளங்களில். ஒரு சிறு பத்திரிகையின் தளம், யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வரும் சமையல் பக்கம், ஒரு கல்லூரியின் பழைய தளம் மாதிரியானவற்றில் முதல் தடவை திறக்கும்போது உங்கள் டிஎன்எஸ் எவ்வளவு நல்லது என்பது தெரிந்துவிடும். இன்னொரு இடம், செய்தித் தளங்கள். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் மட்டும் வருவதில்லை, படத்துக்கு ஒரு பெயர், எழுத்துருவுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு வரிசையாகப் பல, யார் வந்தார் போனார் என்று கணக்கெடுக்கும் நிறுவனங்களுக்குச் சில என்று அத்தனை பெயர்களையும் பிரவுசர் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்கும் என்பதால் எல்லாத் தாமதமும் கூட்டிச் சேராது, ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் வந்த பிறகுதான் அடுத்த பெயர் தெரியும் என்ற மாதிரி சங்கிலியாக இருக்கும் இடங்களில் அது சேர்ந்துகொண்டே போகும்.

சரி, நம் இணைய நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸில் என்ன குறை? இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூரத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் உங்களுக்கு மிக அருகில் இருப்பது, நன்றாகப் பராமரித்தால் அதை வேறு யாரும் வெல்வது கஷ்டம். பிரச்சினை பராமரிப்பில்தான். என் வீட்டு இணைப்பைத் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் காலையில் அருமையாகப் பதில் சொல்லும், இரவு எல்லோரும் நெட்டில் உட்காரும் நேரத்தில் கேள்விகளைத் தவறவிட ஆரம்பிக்கும். டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் யுடிபியில், போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் அனுப்பும் முறையில், போகிறது, தொலைந்தால் தொலைந்ததுதான், யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். பதில் வரவில்லை என்று கணினி தானாகப் புரிந்துகொண்டு மறுபடி கேட்பதற்குள் ஒரு வினாடி, சில சமயம் அதற்கும் மேல் போய்விடும். இதுதான் நாம் ‘நெட் சிக்கிக்கிச்சு’ என்று சொல்லும் அனுபவத்தில் பெரும்பங்கு. சராசரி 10 மில்லி வினாடியா 20 மில்லி வினாடியா என்பது கண்ணுக்குத் தெரியாது, தொலைந்துபோகும் ஒரு கேள்வி கட்டாயம் தெரியும். அதனால் டிஎன்எஸ் சேவையை மதிப்பிடும்போது சராசரி வேகத்தைவிட, மோசமான நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே நான் பார்க்கிறேன்.

இனி ஒவ்வொன்றாக.

கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1. இது 2018 ஏப்ரல் 1 அன்று வந்தது, முகவரி ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐபி எண்களைப் பங்கிடும் ஆப்நிக் அமைப்புடையது. எண் எளிமையாக இருப்பதால் உலகம் முழுக்கப் பலரும் அதைச் சோதனைக்காகத் தங்கள் கருவிகளில் போட்டு வைத்திருந்தார்கள், அதனால் வந்து குவிந்த குப்பை டிராஃபிக்கைத் தாங்கக்கூடிய ஒருவரிடம்தான் அதைக் கொடுக்க முடிந்தது. சென்னை, மும்பை, டெல்லியில் கிளவுட்ஃப்ளேருக்கு 2015 முதலே டேட்டா சென்டர் இருக்கிறது. ஒரே முகவரியைப் பல ஊர்களிலிருந்து அறிவித்து, பக்கத்தில் இருப்பதற்குக் கேள்வியைக் கொண்டுபோகும் எனிகாஸ்ட் முறையில் இது இயங்குவதால், தமிழ்நாட்டில் இருப்பவருக்குச் சென்னையிலிருந்தே பதில் வர வாய்ப்பு உண்டு, வந்தால் வேகம் அபாரம். என் இணைப்பில் இதன் பதில் ஒரே சீராக இருக்கிறது, இரவிலும் அப்படியே.

ஆனால் ‘வாய்ப்பு உண்டு’ என்று சொன்னதைக் கவனியுங்கள். எந்த ஊருக்குக் கேள்வி போகும் என்பதைக் கிளவுட்ஃப்ளேர் மட்டும் முடிவு செய்வதில்லை, உங்கள் இணைய நிறுவனத்தின் ரூட்டிங்கும் (டிராஃபிக்கை எந்த வழியாக அனுப்புவது என்ற ஏற்பாடு) சேர்ந்துதான் முடிவு செய்கிறது. நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், கேள்வி சிங்கப்பூர் போய் வரும். அப்படி இருந்தால் 1.1.1.1 உங்களுக்கு நட்டம்தான், ஊரே புகழ்ந்தாலும். இதைப் பார்ப்பது எளிது: பிரவுசரில் 1.1.1.1 என்று தட்டி, சாய்கோடு போட்டு, ஹெல்ப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் எந்த டேட்டா சென்டரோடு பேசுகிறீர்கள் என்று விமான நிலையக் குறியீட்டில் காட்டும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். எஸ்ஐஎன் என்று வந்தால் இந்த விமர்சனத்தில் கிளவுட்ஃப்ளேர் பற்றி நான் சொல்லும் நல்லது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

இதில் இன்னொரு விஷயமும் கட்டிக்கொண்டு வருகிறது, என்னைக் கேட்டால் இந்த முழு விவாதத்திலும் முக்கியமானது இதுதான். பெரிய தளங்கள் படங்களையும் வீடியோவையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை, அகமாய் போன்ற சிடிஎன் நிறுவனங்கள் மூலம் ஊர் ஊராகப் பிரதி வைத்திருக்கின்றன, சில பிரதிகள் உங்கள் இணைய நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். எந்தப் பிரதிக்கு உங்களை அனுப்புவது என்பதை இவற்றில் பல டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கின்றன. கேட்பது நீங்கள் இல்லை, உங்களுக்காக டிஎன்எஸ் சர்வர் கேட்கிறது. அது சிங்கப்பூரிலிருந்து கேட்டால் ‘ஆள் சிங்கப்பூரில் இருக்கிறார் போல’ என்று அங்குள்ள பிரதியைக் கைகாட்டிவிடும். டிஎன்எஸ்ஸில் மிச்சம் பிடித்த 10 மில்லி வினாடியை அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் பல மடங்காகத் திருப்பிக் கொடுப்பீர்கள். இதைச் சரிசெய்ய, கேட்பவரின் ஐபி முகவரியில் ஒரு பகுதியை மட்டும் கூடவே அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது, இடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட் என்று பெயர். கிளவுட்ஃப்ளேர் பயனரின் அந்தரங்கம் கருதி இதை அனுப்புவதில்லை. கொள்கையாக அதை மதிக்கிறேன், கேள்விகள் நம் ஊரிலேயே பதில் பெறும்வரை பெரிதாக நட்டமும் இல்லை. வெளிநாடு போகிற இணைப்புக்கு மட்டும்தான் இது அடி.

கிளவுட்ஃப்ளேர், யார் எந்தப் பெயரைக் கேட்டார் என்ற பதிவுகளைப் பெரும்பாலும் 25 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது, கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தை வைத்துச் சரிபார்க்கச் செய்து 2020இல் அந்த அறிக்கையையும் வெளியிட்டது. அவர்கள் ஆப்பில் வார்ப் என்று ஒரு பொத்தான் வரும், அது டிஎன்எஸ் இல்லை, உங்கள் டிராஃபிக் முழுவதையும் அவர்கள் வழியாகக் கொண்டுபோவது. டிஎன்எஸ் மட்டும் வேண்டும் என்றால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் ஒன்றென்று நினைத்து வேகத்தை ஒப்பிடாதீர்கள்.

கூகுளின் 8.8.8.8. 2009 டிசம்பரில் வந்தது, பழம் தின்று கொட்டை போட்டது. என் அனுபவத்தில் பதில் வரும் நேரம் கிளவுட்ஃப்ளேரைவிடச் சற்று அதிகம், ஆனால் கேச்சில் இல்லாத பெயர்களைத் தேடிக் கொண்டுவருவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலே சொன்ன கிளையன்ட் சப்நெட் விவரத்தைக் கூகுள் அனுப்புகிறது, அதனால் சிடிஎன் உங்களைச் சரியான ஊருக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். உங்கள் இணைப்பில் 1.1.1.1 வெளிநாடு போகிறது என்றால் யோசிக்காமல் 8.8.8.8 போட்டுக்கொள்ளலாம். முழு ஐபி முகவரி உள்ள தற்காலிகப் பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் அழிப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடல், மெயில், வரைபடம் என்று ஏற்கெனவே எல்லாம் அவர்களிடம் இருக்க, போகிற தளங்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களின் தயக்கம் நியாயமானது. எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு.

குவாட்நைன், அதாவது 9.9.9.9. ஐபிஎம், பாக்கெட் கிளியரிங் ஹவுஸ், குளோபல் சைபர் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து 2017 நவம்பரில் தொடங்கியது, லாப நோக்கம் இல்லாத அமைப்பு, 2021இல் தலைமையகத்தை சுவிட்சர்லாந்தின் சூரிக்குக்கு மாற்றினார்கள். வேகத்தில் முதலிடம் தர மாட்டேன். ஆனால் ஏமாற்றிக் கடவுச்சொல்லைப் பிடுங்கும் ஃபிஷிங் தளம், வைரஸ் பரப்பும் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு இது பதில் தருவதில்லை, அதனால் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. ‘உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்’ என்று வரும் குறுஞ்செய்தி லிங்க்குகளை அவசரத்தில் தொட்டுவிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சில மில்லி வினாடிக்காக இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எல்லா மோசடித் தளமும் பட்டியலில் இருக்காது, புதிதாக முளைத்தது தப்பிவிடும், அது வேறு விஷயம். அம்மாவின் ஃபோனில் இதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். கிளையன்ட் சப்நெட்டோடு வேண்டும் என்றால் அவர்களே 9.9.9.11 என்று தனியாகத் தருகிறார்கள்.

அடுத்தது ஆட்கார்ட், 94.140.14.14. கண்ணுக்குத் தெரிகிற வேகம் வேண்டும் என்றால் உண்மையில் இதுதான் ஜெயிக்கிறது. பதில் சொல்லும் நேரத்தில் மற்றவற்றைவிட மெதுவாகவே இருக்கிறது, ஆனால் விளம்பரம், உளவு பார்க்கும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றின் பெயர்களுக்குப் பதிலே தராததால் அவை இறங்குவதே இல்லை. பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், முன்பு திணறித் திணறி வந்து, படித்துக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழும் குதித்த பக்கம் அமைதியாக வந்து நிற்கும். டேட்டாவும் மிச்சம். குறைகளும் உண்டு, சில ஆப்கள் விளம்பர சர்வர் கிடைக்கவில்லை என்றால் அடம் பிடிக்கும், சில கூப்பன் லிங்க்குகள் திறக்காது, யூடியூப் விளம்பரங்களை இதனால் தடுக்க முடியாது, ஏனென்றால் வீடியோ வரும் அதே பெயரிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. நான் விரும்பிப் படிக்கும் சிறு தளங்கள் விளம்பர வருமானத்தில்தான் ஓடுகின்றன என்பதும் மனதில் உறுத்துகிறது, டிஎன்எஸ் மட்டத்தில் தடுக்கும்போது ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுப்பது சுலபம் இல்லை. அதனால் இதைப் பழைய ஃபோனுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்.

நம்பகத்தன்மை பற்றிச் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 உலகம் முழுக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நின்றுபோனது, 62 நிமிடம். உள்ளே செய்த ஒரு கான்ஃபிகரேஷன் தவறுதான் காரணம் என்று அவர்களே விளக்கமாக எழுதினார்கள். நமக்கு அப்போது 15ஆம் தேதி அதிகாலை மூன்றரையை ஒட்டிய நேரம், பலரும் தூக்கத்தில் இருந்ததால் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் டிஎன்எஸ்ஸாக 1.1.1.1, இரண்டாவதாக 1.0.0.1 என்று வழக்கப்படி போட்டிருந்தவர்களுக்கு இரண்டுமே சேர்ந்து போய்விட்டன. எண் இரண்டு என்றாலும் நிறுவனம் ஒன்றுதானே. அதனால் ரவுட்டரில் முதலாவது கிளவுட்ஃப்ளேர், இரண்டாவது கூகுள் என்று வேறு வேறு நிறுவனமாகப் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: குவாட்நைனையோ ஆட்கார்டையோ தடுப்பதற்காகப் போடுபவர்கள் இப்படிக் கலக்கக் கூடாது. இரண்டாவது எண் முதலாவது செத்தால்தான் பயன்படும் என்று நினைக்க வேண்டாம், பல கருவிகள் இஷ்டத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், தடுக்க வேண்டிய பெயர் மற்றதன் வழியாகத் திறந்துவிடும்.

எங்கே மாற்றுவது? ரவுட்டரில் மாற்றினால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து வேலை முடிந்தது, ஆனால் இணைய நிறுவனங்கள் தரும் ரவுட்டர்கள் சிலவற்றில் அந்த செட்டிங்ஸையே பூட்டி வைத்திருக்கிறார்கள். இதைவிட எரிச்சலானது, நீங்கள் 8.8.8.8 என்று போட்டாலும் கேள்வியை நடுவழியில் பிடித்துத் தங்கள் சர்வரிலிருந்து பதில் தரும் நிறுவனங்களும் உண்டு. சாதாரண டிஎன்எஸ் 53ஆம் போர்ட் என்ற வாசலில் பூட்டு இல்லாமல் திறந்தபடி போவதால் யார் வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். மாற்றியும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மருந்து மறைகுறியாக்கப்பட்ட டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கிறது, அதில் எண்ணைப் போட்டால் ஏற்காது, பெயர்தான் போட வேண்டும். கூகுளுக்கு டிஎன்எஸ் புள்ளி கூகுள், கிளவுட்ஃப்ளேருக்கு ஒன் என்ற சொல்லை நான்கு முறை நடுவே புள்ளி வைத்து, எல்லாம் ஆங்கிலத்தில். வைஃபை, மொபைல் டேட்டா இரண்டுக்கும் இது வேலை செய்யும். விண்டோஸ் 11இலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸிலும் இதே வசதி உண்டு. மறைகுறியாக்கம் வேகத்தைக் குறைக்காதா என்றால், முதல் இணைப்பு போடும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அப்புறம் அதே இணைப்பிலேயே அடுத்தடுத்த கேள்விகள் போவதால் தெரிவதில்லை. ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் மட்டும் லாகின் பக்கம் வராமல் படுத்தலாம், அப்போது தற்காலிகமாக அணைத்துவிட்டு உள்ளே போனதும் போட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பிங் அடித்துப் பார்ப்பது போதாது, அது சர்வர் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லும், கேட்ட பெயரைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லாது. விண்டோஸில் ஸ்டீவ் கிப்சன் எழுதிய டிஎன்எஸ் பெஞ்ச்மார்க் நிரலை ஓட்டினால் கேச்சில் இருந்த பதிலுக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று தனித்தனிக் கோடாகக் காட்டும், லினக்ஸிலும் மேக்கிலும் டிஎன்எஸ்ஸைக் கேட்டு, ஆன நேரத்தைக் காட்டும் டிக் கட்டளை போதும். பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணி வாக்கில் ஒரு தடவை ஓட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் ‘உலகின் வேகமான டிஎன்எஸ்’ பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள், உங்கள் தெருவில் ஓடும் கேபிளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. இரவு சோதனையிலும் உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் தடுமாறாமல் பதில் சொல்கிறது, தப்பாகத் தட்டிய பெயருக்கு விளம்பரப் பக்கம் காட்டுவதும் இல்லை என்றால், வேகத்துக்காக அதை மாற்ற வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.

என் வீட்டு ரவுட்டரில் 1.1.1.1, அதற்கடுத்து 8.8.8.8. என் ஃபோனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸாகக் கிளவுட்ஃப்ளேர். அம்மாவுக்குக் குவாட்நைன். மதிப்பெண் கேட்டால், சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ பதில் வரும் இணைப்புக்கு 1.1.1.1க்கு ஐந்துக்கு நாலரை, கூகுளுக்கு நாலு, வேகத்தை மட்டும் பார்த்தால் குவாட்நைனுக்கு மூன்றரை, ஆனால் பெரியவர்கள் ஃபோனுக்கு அதற்குத்தான் ஐந்து. ஆட்கார்டுக்குப் பழைய ஃபோனில் நாலரை, அலுவலகக் கணினியில் வேண்டவே வேண்டாம், விபிஎன் என்ற அலுவலகத்தின் தனி இணைப்புக்குள் இருக்கும் அலுவலகத் தளங்களின் பெயர்கள் எந்தப் பொது டிஎன்எஸ்ஸுக்கும் தெரியாது, அங்கே ஐடி ஆட்கள் போட்டுக் கொடுத்ததைத் தொடாமல் இருப்பதே நல்லது.